ஈரமில்லாத கை

இருட்டிலிருந்து வெளியே வந்து, அரையடி உயர நிலைப்படியைத் தாண்டி, முற்றத்து வெயிலில் கண் கூசி நின்றபோது ரவிசங்கருக்கு முதலில் உறைத்தது ஒரே ஒரு விஷயம்தான். மகளின் கை காய்ந்திருந்தது.

தாரிணிக்கு உள்ளங்கை வியர்க்கும். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே அப்படி. ஏசி ஓடுகிற வகுப்பறையில் உட்கார்ந்து எழுதினாலும் நோட்டின் ஓரம் நமுத்துப்போகும், பென்சில் வழுக்கும், பரீட்சைத் தாளில் எழுத்து கரையும். டீச்சர் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். துபாயில் அவர்கள் இருக்கிற குசைஸில் பார்த்த டாக்டர் இது நோயில்லை, வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். எட்டு வருஷமாக அந்த ஈரக் கையைப் பிடித்துத்தான் அவன் ரோடு தாண்டியிருக்கிறான், எஸ்கலேட்டரில் ஏறியிருக்கிறான், ஏர்போர்ட் வரிசைகளில் நின்றிருக்கிறான். பிடியிலிருந்து நழுவிக்கொண்டே இருக்கும் கை அது. கொஞ்சம் அழுத்திப் பிடித்தால்தான் நிற்கும்.

இப்போது பிடித்திருந்த கை நழுவவில்லை. இழைத்த மரத்தைத் தொடுவதுபோல வழவழவென்று, சூடும் இல்லாமல் குளிர்ச்சியும் இல்லாமல், அவன் விரல்களுக்குள் அடங்கிக் கிடந்தது.

குனிந்து பார்த்தான். அதே மஞ்சள் சட்டை. காலையில் அவன் மனைவி ஜெயலட்சுமி இழுத்துப் பின்னிய அதே இரட்டைப் பின்னல். முன்பல்லில் அதே இடைவெளி. பிள்ளை நிமிர்ந்து அவனைப் பார்த்தது. பார்த்தது என்றால், அவன் முகத்துக்கு ஒரு விரற்கடை பக்கத்தில் எதையோ பார்த்துவிட்டு, பிறகு நகர்ந்து அவன் கண்ணுக்கு வந்தது.

அன்று சனிக்கிழமை. ஜனவரி மாதம், வெயில் சுடாத பருவம். துபாயிலிருந்து அல் ஐன் போகிற ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டி, மணல்மேடுகளுக்கு நடுவே இருக்கும் அந்த இடத்தைப் பார்க்க வந்திருந்தார்கள். மீகாங் ஆற்றின் கரையில் எங்கோ ஒரு சிற்றரசர் குடும்பம் முந்நூறு வருஷம் வாழ்ந்த அரண்மனையும், அதை ஒட்டிய புத்த விகாரையும். அணை கட்டி அந்தப் பள்ளத்தாக்கு மூழ்கப்போகிறது என்றானபோது ஒரு கம்பெனி அதை அப்படியே விலைக்கு வாங்கி, தூண் தூணாக, பலகை பலகையாக நம்பர் போட்டுக் கழற்றி, கண்டெய்னர்களில் ஏற்றிக் கொண்டுவந்து, இந்த மணலில் மறுபடி நிறுத்தியிருந்தது. ரவிசங்கருக்கு வேலை அல் கூஸில், கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் உள்ளலங்காரம் செய்கிற ஒரு கம்பெனியில். மரவேலை என்றால் அவனுக்கு ஒரு பித்து. ஆணி இல்லாமல் பூட்டிய அந்த இணைப்புகளைப் பார்க்கவே வந்தான். தாரிணி தங்கக் கோபுரத்தைப் பார்க்க வந்தாள். ஜெயலட்சுமி இவர்கள் இருவருக்காகவும் வந்தாள்.

அழைத்துப்போன கைடு நிதின், கண்ணூர்க்காரன். தமிழ் நன்றாகவே பேசினான். சிம்மாசன மண்டபத்தையும் ராணிகளின் அறைகளையும் காட்டிவிட்டு விகாரைக்குள் அழைத்துவந்து, உள்ளே அமர்ந்திருந்த பெரிய புத்தரைக் காட்டி, இது ஷார்ஜாவில் ஃபைபரில் வார்த்தது என்றான். மூலச் சிலையைப் பிக்குகள் கொடுக்கவில்லையாம். புது ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

“சாமி வரலை சார். வீடு மட்டும்தான் வந்திருக்கு,” என்று சொல்லிச் சிரித்தான்.

சிலைக்குப் பின்னால் ஒரு சுற்றுப்பாதை. இடப்பக்க வாசலில் நுழைந்து, பீடத்தைச் சுற்றிக்கொண்டு போய், வலப்பக்க வாசல் வழியாக முற்றத்துக்கு வரவேண்டும். மொத்தம் நாற்பது தப்படி. உள்ளே விளக்கு கிடையாது. அரச குடும்பத்துப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கைப்பிடித்து இருட்டில் சுற்றி அழைத்துவருவது அந்த ஊர் வழக்கமாம். போன் கூடாது, வெளிச்சம் கூடாது. இன்னொன்றும் நிதின் சொன்னான்: எந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகிறீர்களோ அதை வெளியே வரும்வரை விடக்கூடாது. அந்த ஊர்க்காரர்கள் இதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்களாம்.

ஜெயலட்சுமிக்கு மூடிய இடம் ஆகாது. செருப்புகளையும் பைகளையும் பார்த்துக்கொண்டு வெளிவாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

உள்ளே போனதும் பழந்தேக்கின் வாசனை அடித்தது. அதன்மேல் முந்நூறு வருஷ எண்ணெய்ப் புகை. கொஞ்சதூரம் போனதும் அதற்கடியிலிருந்து வேறொரு வாசனை, ஆற்றுச் சேற்றின் வாசனை, மழை விட்டதும் கரையில் கிளம்புமே அது, அந்தப் பாலைவனத்தின் நடுவில் மூக்கில் ஏறியது. முன்னால் போனவர்களின் காலடிச் சத்தம் ஒரு திருப்பத்தோடு நின்றுபோயிற்று. தாரிணியின் கை அவன் கையில் சொதசொதவென்று வியர்த்து நழுவிக்கொண்டிருந்தது. இரண்டாவது திருப்பத்தில் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அணைக்க மறந்திருந்தான். திரை வெளிச்சம் பையைத் தாண்டிச் சுவரில் விழுந்தது. பின்னால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அவசரமாக மகளின் கையை விட்டு, போனை எடுத்து, பொத்தானை அழுத்தி அணைத்தான்.

மூன்று விநாடி இருக்கும். நான்கு என்றே வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி கையைத் தாழ்த்தியபோது ஒரு சின்னக் கை தானாக வந்து அவன் கைக்குள் புகுந்துகொண்டது. அவனும் நடந்தான்.

முற்றத்தில் அந்த நினைப்பு வந்ததும், சீ, என்ன இது என்று தன்னையே கடிந்துகொண்டு, காதிலிருந்த இயர்போனைக் கழற்றப் போனான். உள்ளே வரும்போது எல்லோருக்கும் கழுத்தில் ஒரு சின்ன ரிசீவரை மாட்டிவிட்டிருந்தார்கள். நிதின் காலரில் செருகிய மைக்கில் மெதுவாகப் பேசினாலும் கூட்டம் முழுக்க அவரவர் காதில் கேட்கும்.

“அப்பா?”

காதுக்குள் கேட்டது. கிசுகிசுப்பாக, மூச்சோடு.

“அப்பா, எந்தப் பக்கம்?”

கை பிடித்திருந்த பிள்ளையைப் பார்த்தான். வாய் மூடியிருந்தது. நிதினைப் பார்த்தான். ஒரு ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் இயர்போனைக் கழற்றிவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். காதில் இன்னும் மூச்சுச் சத்தம். சளிப்பிடித்த மூக்கு லேசாக விசிலடிக்கிற சத்தம். தாரிணிக்கு வியாழக்கிழமையிலிருந்து சளி.

பிள்ளையை ஜெயலட்சுமியிடம் விட்டுவிட்டு நிதினிடம் ஓடினான். என்ன சொன்னான் என்று அவனுக்கே பிறகு ஞாபகமில்லை. உள்ளே ஒரு குழந்தை மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொன்னான்போல. நிதின் பதறிவிட்டான். அடுத்த கூட்டத்தை வாசலிலேயே நிறுத்தி, சுத்தம் செய்கிறவர்களுக்காக மேலே பொருத்தியிருந்த விளக்குகளைப் போடச் சொன்னான். இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

வெளிச்சத்தில் அது ஒன்றுமேயில்லை. இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு நடை. கறுத்த பலகைச் சுவர், புதிதாகப் பதித்த தரை, மூலையில் ஒரு தீயணைப்பான். கதவு இல்லை, பொந்து இல்லை. ஒரு பூனை ஒளிவதற்குக்கூட இடமில்லை. நாற்பது தப்படியை நடந்து மறுபக்கம் வந்தார்கள். விளக்குகளை அணைத்தார்கள்.

“அப்பா, நீங்க என்னைத் தாண்டிப் போயிட்டீங்க.”

ரவிசங்கர் முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டான். இயர்போனைப் பிடுங்கி நிதினின் காதில் வைத்தான். நிதின் கொஞ்சநேரம் கவனமாகக் கேட்டான். கரகரவென்று ஏதோ வருகிறது சார், பக்கத்துக் கூட்டத்தின் சானல் கலக்கிறது, அடிக்கடி ஆகிறதுதான் என்றான். பிறகு, அவன் நல்லவன், காமிரா அறைக்கே கூட்டிப்போய்க் காட்டினான். உள்வாசலில் ஒரு காமிரா, வெளிவாசலில் ஒன்று. திரையில் ரவிசங்கர் ஒரு மஞ்சள் சட்டைப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். ஒன்றரை நிமிஷம் கழித்து ஒரு மஞ்சள் சட்டைப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். நிதின் திரையைக் காட்டினான். பிறகு கண்ணாடிக்கு வெளியே அம்மாவின் மடியில் சாய்ந்திருந்த பிள்ளையைக் காட்டினான். இதற்குமேல் அவன் என்ன செய்ய முடியும்.

வெளியே போகிற வழியில் ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தால்தான் ஈடாக வாங்கி வைத்திருக்கும் எமிரேட்ஸ் ஐடி அட்டையைத் தருவார்கள். வரிசையில் நின்றபடி ரவிசங்கர் இயர்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தான். தாரு, அப்பா இங்கதான் இருக்கேன், அங்கேயே நில்லு என்று வாய்க்குள் முணுமுணுத்தான். அந்தக் கருவியில் கேட்க முடியும், பேச முடியாது. தெரிந்தும் முணுமுணுத்தான். இன்னும் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்கிறேன் என்று கவுண்டர்ப் பெண்ணிடம் கெஞ்சினான். விலைக்குக் கொடுங்கள் என்றுகூடக் கேட்டான். அவள் சிரித்த முகத்தோடு அவன் கழுத்திலிருந்து அதைக் கழற்றினாள். ஜெயலட்சுமிக்கு அவமானமாக இருந்தது. எல்லாரும் பாக்குறாங்க, வாங்க என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

“அப்பா, இங்க யாரோ என் கையை...”

அந்தப் பெண் பொத்தானை அழுத்தினாள். பச்சை விளக்கு அணைந்தது. ரிசீவரை மற்ற ரிசீவர்களோடு சார்ஜ் போடுகிற தட்டில் வரிசையாகச் செருகிவிட்டு, அவன் ஐடியை இரண்டு கையாலும் நீட்டினாள்.

கார் ஓட்டியது அவன்தான். எப்படி ஓட்டினான் என்று தெரியாது. பாதி வழியில் ஜெயலட்சுமி பின்பக்கம் திரும்பி மகளின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதிசயத்தோடு, இவ கையைப் பாருங்களேன், வேர்க்கவே இல்ல என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து அவன் பார்த்து நாளாகியிருந்தது.

குசைஸில் அவர்கள் இருப்பது நான்காவது மாடி. வீட்டுக் கதவைத் திறந்தவுடன் தாரிணி செருப்பை உதறிவிட்டு ஓடிப்போய் சோபாவில் விழுவாள். அன்று வாசலிலேயே நின்றது பிள்ளை. வலது காலை அரையடி உயரத் தூக்கி, இல்லாத ஏதோ ஒன்றைத் தாண்டி, உள்ளே வைத்தது. பிறகு இடது கால். படுக்கையறை வாசலிலும் அப்படியே. குளியலறையிலும். சமையலறைக்கு வாசலே கிடையாது, வெறும் திறப்புதான். அங்கேயும் நின்று தூக்கி வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ரவிசங்கர் பார்த்துக்கொண்டே இருந்தான். ஒரு வாய் இட்லிக்கு ஒரு மணி நேரம் போராட வைக்கும் பிள்ளை, வைத்ததை மிச்சமில்லாமல் சாப்பிட்டது. பாதி இங்கிலீஷில் பேசுகிற பிள்ளை, சுத்தமாகத் தமிழில், அதுவும் அவனும் ஜெயலட்சுமியும் எப்படிப் பேசுவார்களோ அதே இழுப்போடு பேசியது. டேப்லெட்டைக் கேட்கவில்லை. டிவி கேட்கவில்லை. அறையில் இருட்டினால் விளக்கைப் போடவில்லை. கூப்பிட்டால் உடனே வந்தது. கூப்பிடாதபோது வைத்த இடத்திலேயே இருந்தது. சளி இல்லை.

அவன் ஜெயலட்சுமியிடம் சொல்லித்தான் பார்த்தான். கையை விட்டதிலிருந்து காதில் கேட்டதுவரை, சமையலறையில் நின்று, குரலைத் தாழ்த்தி, ஒன்றுவிடாமல் சொன்னான். அவன் சொல்லி முடித்ததும் அடுப்பை அணைத்தாள். ஆபீசில் புது ப்ராஜெக்ட் வந்ததிலிருந்து அவன் சரியாகத் தூங்குவதில்லை என்பதை ஞாபகப்படுத்தினாள். யாராவது டாக்டரைப் பார்க்கலாம், தப்பில்லை என்றாள். அவன் மறுபடி ஆரம்பித்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“எட்டு வருஷம் இந்தக் கைக்காக அழுதிருக்கேங்க. இப்பதான் சரியாயிருக்கு. இதைப் போய் பேய் பிசாசுன்னு பேசாதீங்க.”

கூடத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. இரண்டு கைகளும் மடியில். உள்ளங்கைகள் மேலே பார்த்து இருந்தன.

அதற்குப் பிறகு அவன் யாரிடமும் சொல்லவில்லை. போலீஸில் என்ன சொல்வது? பிள்ளை காணவில்லை என்றா? பிள்ளை எங்கே என்று கேட்டால் வீட்டில் இருக்கிறது என்றா? அந்த இடத்துக்கு மூன்று தடவை போன் செய்தான். மூன்று தடவையும் ஒரு மரியாதையான குரல் திறக்கும் நேரத்தைச் சொன்னது. திங்கட்கிழமை விடுமுறை, செவ்வாய் காலை பத்து முதல் மாலை ஐந்து வரை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஜெயலட்சுமி கீழே கடைக்குப் போயிருந்தாள். ரவிசங்கர் சாப்பாட்டு மேஜையில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்தான். ஜன்னலுக்கு வெளியே ஏர்போர்ட்டில் இறங்குகிற விமானம் ஒன்று தாழப் பறந்து போனது. கண்ணாடி அதிர்ந்து அடங்கியது. வழக்கமாக தாரிணி அதை எண்ணுவாள்.

“நீ யாரு?” என்று கேட்டான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

பிள்ளை அவன் முகத்துக்குப் பக்கத்தில் பார்த்தது. பிறகு நகர்ந்து கண்ணுக்கு வந்தது. கோபமில்லை, பயமில்லை. அவன் கேட்டதே புரியாததுபோலத்தான் இருந்தது.

“நீங்கதான கையைப் பிடிச்சீங்க?” என்றது.

அவன் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் விழுந்தது. தாரு எங்கே என்று கேட்டான். தாரு எங்கே, தாரு எங்கே என்று அதையே கேட்டான். பிள்ளை பொறுமையாக இருந்தது. அவன் நிறுத்திய பிறகு, ஜெயலட்சுமி இழுக்கிற மாதிரியே வார்த்தையை இழுத்துச் சொன்னது.

“எல்லாரும் உள்ளதான் இருக்காங்க. ரொம்ப நாளா.”

செவ்வாய்க்கிழமை மதியம் உடம்பு சரியில்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டுக் கிளம்பினான். வழியில் மணல் காற்று. ரோட்டின் குறுக்கே மணல் பாம்புபோல நெளிந்துகொண்டிருந்தது. லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேரும்போது நாலரை ஆகிவிட்டது. வார நாள். வண்டி நிறுத்துமிடத்தில் நான்கைந்து கார்தான். நிதினுக்கு அன்று லீவாம். ரிசீவர் வேண்டுமென்று கேட்டான். கைடு இல்லாத நேரத்தில் ரிசீவர் கிடையாது என்று டிக்கெட் மட்டும் கொடுத்தார்கள். ஓட்டமும் நடையுமாக மண்டபங்களைத் தாண்டினான். வெற்றுச் சிம்மாசனம், வெற்று ஊஞ்சல், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ராணியின் செருப்பு.

சுற்றுப்பாதையின் உள்வாசலில் காவலுக்கு இருந்தவர் ஹஸ்னைன், பாகிஸ்தானின் முல்தான்காரர், நரைத்த தாடி, சனிக்கிழமையும் அங்கேதான் நின்றிருந்தார். ஒருத்தர்தானா என்று உருது கலந்த ஹிந்தியில் கேட்டார். ஆமாம் என்றான். அவர் வாட்சைப் பார்த்தார். இதுதான் கடைசிச் சுற்று, ஐந்து மணிக்கு விளக்கைப் போட்டு வாசலைப் பூட்ட வேண்டும் என்றார். அவன் நிலைப்படியைத் தாண்டக் காலைத் தூக்கியபோது, கையை நீட்டித் தடுத்தும் தடுக்காமலும் மெல்லச் சொன்னார்.

“பாய், பிள்ளையோட வந்தவங்க அப்புறம் தனியா திரும்பி வந்தா எனக்குப் பிடிக்கிறதில்ல.”

யார் வந்தார்கள், எத்தனை பேர் என்று கேட்காமலே ரவிசங்கர் உள்ளே போனான்.

முதல் திருப்பம்வரை பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. பிறகு இல்லை. வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். தேக்கு. புகை. சேறு. தப்படிகளை எண்ணினான். இருபதில் இரண்டாவது திருப்பம் வந்தது. போனை அணைத்த இடம். அங்கே நின்றான். வெளியே காற்று கூரையில் மணலை வாரி இறைக்கிற சத்தம் தூரத்து மழைபோலக் கேட்டது. அதுவும் நின்றது. தன் மூச்சு மட்டும். இடது கையைத் தாழ்த்தி, விரல்களை விரித்து, அன்றைக்கு எப்படி வைத்திருந்தானோ அப்படியே வைத்தான்.

“தாரு,” என்றான். “அப்பா வந்திருக்கேன்.”

ஒன்றுமில்லை.

எவ்வளவு நேரம் நின்றான் என்று தெரியாது. எனக்குத்தான் பைத்தியம், ஜெயா சொன்னதுதான் சரி, வீட்டில் இருப்பது என் பிள்ளைதான், அதைப் போய் என்ன கேள்வி கேட்டேன் நான் என்று நினைத்து, அப்படி நினைக்க முடிந்ததே பெரிய ஆறுதலாக இருந்து, திரும்பிவிடலாம் என்று காலை எடுத்தபோது, அவன் விரல்களுக்குள் ஒரு கை வந்தது.

சொதசொதவென்ற கை. நழுவுகிற கை. சூடான கை.

“அப்பா,” என்றது குரல். மூக்கு விசிலடித்தது. “ஏன்ப்பா இவ்ளோ நேரம்?”

அவன் முழங்காலில் விழுந்தான். அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டான். பயப்படாதம்மா, போயிடலாம், இப்பவே போயிடலாம் என்றான். இவளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் அங்கே உட்கார்ந்திருப்பதை என்ன செய்வது, இரண்டையும் பார்த்தால் ஜெயலட்சுமி என்ன ஆவாள் என்ற யோசனை அப்போதுதான் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும். முதலில் வெளியே போகவேண்டும். எழுந்தான். இருபதே தப்படி. வலது கையைச் சுவருக்கு நீட்டினான்.

சுவர் தட்டுப்படவில்லை. ஒரு கை தட்டுப்பட்டது.

சின்னக் கை. வியர்த்த கை. அவன் விரல்களைப் பற்றிக்கொண்டது.

“அப்பா,” என்றது அதே குரல், வலப்பக்கத்திலிருந்து. “ஏன்ப்பா இவ்ளோ நேரம்?”

அவன் அசையவில்லை.

“அப்பா, அது நான் இல்ல,” என்றது இடப்பக்கம்.

“அப்பா, அது நான் இல்ல,” என்றது வலப்பக்கம். அதே மூக்கு விசில். அதே விசும்பல்.

சட்டையின் பின்பக்கம் யாரோ பிடித்தார்கள்.

உன் டீச்சர் பேர் என்ன என்று கேட்டான். இடப்பக்கம் சொன்னது. சரியாகச் சொன்னது. வலப்பக்கம் சொன்னது. பின்னாலிருந்து சொன்னது. இன்னும் பின்னாலிருந்து, சுவரோரத்திலிருந்து, கீழேயிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல், எல்லாம் சரியாகச் சொன்னன. போன பிறந்தநாளுக்கு என்ன வாங்கித் தந்தேன் என்றான். எல்லாம் சொன்னன. எல்லாக் குரலும் அழுதன. எல்லாக் குரலும் அவன் பெற்ற பிள்ளையின் குரல்.

சட்டை இறுகியது. இடுப்பில் ஒரு கை. முழங்காலில் ஒன்று. யாரும் இழுக்கவில்லை. பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்கள். எந்தக் கையை விடுவது? விட்ட கை அவளுடையதாக இருந்தால்? ஏற்கெனவே ஒருமுறை விட்டாயிற்று.

தூரத்தில் ஹஸ்னைனின் குரல் கேட்டது. மணி ஐந்தாகிவிட்டது, விளக்கைப் போடப்போகிறேன் என்று ஹிந்தியில் கூப்பிட்டுச் சொன்னார்.

வேண்டாம் என்று கத்த நினைத்தான். விளக்கைப் போட்டால் அன்றைக்கு மாதிரி யாருமே கண்ணில் படமாட்டார்கள், படாவிட்டால் எந்தக் கையைத் தேர்ந்தெடுப்பது. அவன் வாயைத் திறப்பதற்குள் இருட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டன.

விளக்கு எரிந்தது.

காலியான நடை. கறுத்த பலகைச் சுவர். புதுத் தரை. மூலையில் தீயணைப்பான். திருப்பத்தில் ஹஸ்னைன் வந்து நின்றார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமல் பின்பக்கமாக ஒரு அடி வைத்தார். அவர் எங்கே பார்க்கிறார் என்று ரவிசங்கர் குனிந்து பார்த்தான். நீட்டியிருந்த இரண்டு கைகளிலும் தசை ஐந்து ஐந்து இடங்களில் குழிந்து, சின்ன விரல்களின் அகலத்துக்கு வெளுத்துப்போயிருந்தது. அவன் சட்டையின் கீழோரம், முன்னாலும் பின்னாலும் பக்கங்களிலும், ஒன்பது பத்து இடங்களில், கூம்பு கூம்பாக, விறைப்பாக, வெறுங்காற்றில் இழுபட்டு நின்றது.